அம்மி மறுபடியும் வீட்டுக்கு வந்துவிட்டது

காஜா பேராங், மலாக்கா
1958, மாசி மாதம்

நாகப்பட்டினத்தில் இருக்கும் அப்பாசாமி அண்ணனுக்குத் தங்கை அஞ்சலை கும்பிட்டு எழுதுவது. இங்கே நான் சுகம். அங்கே நீங்களும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள், என் மேல் கோபமாகவும் இருப்பீர்கள்.

உங்கள் கடிதம் கிடைத்தது. "வர்றேங்கிற, வரலேங்கிற, மறுபடி வர்றேங்கிற. மாப்பிள்ளை மாதிரி ஒரு சொல்லுல நிக்கத் தெரியாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்டது சரிதான். என் வீட்டுக்காரர் காரியம் முடிந்ததும் ஊருக்கே வந்துவிடுகிறேன் என்று எழுதினேன், அம்மியைப் பக்கத்து வீட்டு ருக்மணிக்குக் கொடுத்தேன். அப்புறம் அவரைப் புதைத்த இடத்தில் யார் விளக்கு வைப்பார்கள் என்று நினைத்து வரவில்லை என்று எழுதினேன், அம்மி திரும்பி வந்தது. பிறகு ஒரு நாள் பழக்கத்தில் இரண்டு தட்டு வைத்துவிட்டேன், அந்த இரண்டாவது தட்டைப் பார்த்துக்கொண்டு சோறு இறங்கவில்லை, வருகிறேன் என்று எழுதினேன், அம்மி மறுபடி போனது. ஒவ்வொரு தரமும் தூக்குகிறவன் ருக்மணி புருஷன் கலியாணசுந்தரம். "அக்கா, இனிமே முடிவு எடுக்கிறதுக்கு முன்னால என் இடுப்பையும் ஒரு வார்த்தை கேட்டுக்குங்க" என்றான்.

உங்கள் மாப்பிள்ளையின் ஒரு சொல் என்னவென்று நான் இதுவரை எழுதவில்லை. வாலிபத்தில் ஊசிக்குப் பயந்து ஓடினார், பார்த்தவர்கள் சிரித்தார்கள், அன்றைக்குச் சொன்னார், இனி ஆஸ்பத்திரி வாசலை மிதிக்க மாட்டேன் என்று. என் புருஷன் சொன்னால் சொன்னதுதான் என்று நானும் ஊரெல்லாம் பெருமை பேசினேன். போன வருஷம் எட்டு நாள் காய்ச்சலிலும் அதே சொல். ஒன்பதாம் நாள் நினைவில்லாமல் கிடந்தவரை நாலு பேர் ஆஸ்பத்திரிக்குள் தூக்கிக்கொண்டு போனார்கள். கால் தரையில் படவே இல்லை. சொல்லைக் காப்பாற்றிவிட்டார் அண்ணே.

அவர் போனபின் நானும் அதே சொல்லைச் சொல்லி வைத்தேன். போன மாதம் எனக்கும் காய்ச்சல். ருக்மணி வந்து, "நீங்க செத்தா அம்மி எனக்குத்தான், நான் வேணாங்கல. எழுந்து வாங்கக்கா" என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள். வாசலில் ரொம்ப நேரம் நின்றேன். அவரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு மிதித்தேன். ஆறாம் நாள் நடந்தே வெளியே வந்தேன். உள்ளே கால் வைக்க எனக்கு எவ்வளவு பலம் வேண்டியிருந்தது, அந்தப் பலம் அவருக்கு இல்லாமல் போச்சே என்று வழியெல்லாம் அழுதேன்.

என்னை இழுத்துப் போனவள் இருக்கிற இடத்திலேயே இருக்கலாம் என்று இந்த நாட்டுப் பிரஜாவுரிமைக்கு எழுதிக்கொடுத்துவிட்டேன். ஆபீசில் இருந்தவர், "நல்லா யோசிச்சீங்களாம்மா?" என்றார். "மூணு தரம் யோசிச்சேங்க, மூணும் வேற வேற. இது நாலாவது" என்றேன். அம்மி வீட்டுக்கு வந்துவிட்டது. எனக்காக ஒழித்து வைத்த அறையில் நெல்லைப் போட்டுக்கொள்ளுங்கள். நான் வரமாட்டேன்.

அண்ணிக்கு என் கும்பிடு. பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும்.

உங்கள் தங்கை
அஞ்சலை

பி.கு.: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். உங்கள் முகத்தைப் பார்த்துப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு. ஆடியில் வருகிறேன், ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிவிடுவேன். அறையில் நெல்லைப் போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள். கலியாணசுந்தரத்தின் இடுப்பைக் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். இந்தத் தரம் அம்மி நகராது.