பிள்ளையைப் பாத்துக்கிற விஷயமா

அழுக்குப் போர்வைக் கூடை தும்மியது.

லாட்ஜ் சூப்பர்வைசர் ஜெபதுரை படியிலேயே நின்றுவிட்டார். "ஏம்மா ஆக்ஸிலியா, கூடைக்குள்ள என்ன?"

"போர்வைதான் சார்."

"போர்வைக்குச் சளி பிடிச்சிருக்கோ?"

கூடை இன்னொரு தரம் தும்மி, "அம்மா" என்றது. அதற்கப்புறம் மறைக்க என்ன இருக்கிறது? ஆக்ஸிலியா இரண்டரை வயது ஜென்சியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். புருஷன் சைமன் டூரிஸ்ட் வேன் ஓட்டுகிறவன். சீசன் முடிகிறவரை அவன் முகத்தைப் போனில்தான் பார்க்கலாம். ஊரே சீசனுக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது பிள்ளையை யாரிடம் விடுவாள், பாவம்!

"முப்பத்திரெண்டு ரூம் சுத்தம் பண்ணாம கெடக்கு. இன்னொரு தடவ இந்தப் பிள்ளைய இங்க பாத்தேன், நீ அப்படியே வீட்டுக்குப் போயிரு" என்றார் ஜெபதுரை.

அன்று மத்தியானமே நகராட்சி ஆட்டோ ஒலிபெருக்கியோடு ஏரியைச் சுற்றி வந்தது. வேலைக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு இலவசக் காப்பகமாம்! மாதாவே, உன் காதில் விழுந்துவிட்டதே! கூட வேலை பார்க்கும் சோலையம்மாளிடம் பிள்ளையைத் திணித்துவிட்டு ஆக்ஸிலியா ஓடினாள்.

நகராட்சி வாசலில் பியூன் மறித்தார். "என்ன விஷயம்?"

"பிள்ளையைப் பாத்துக்கிற விஷயமா வந்தேன் சார்."

"காப்பகத்துக்கா? மாடிக்குப் போங்க. ராஜமுருகன் சாரைப் பாருங்க."

கீழே கைப்பிள்ளைகளோடு நாற்பது பேர் வரிசையில் நின்றார்கள். மாடியிலோ ஏழெட்டுப் பேர்தான். இந்த விவரம் தெரியாமல் அதுகள் கீழே நின்று சாகிறதே என்று அவளுக்கு இரக்கமாகக்கூட இருந்தது.

ராஜமுருகன் நிமிர்ந்தே பார்க்காமல் படிவத்தை நிரப்பினார். "வயசு?"

"ரெண்டரை சார்."

"உங்க வயசு, தாயே."

"இருபத்தெட்டு."

"படிப்பு?"

"எட்டாவது. அது எதுக்கு சார்?"

"ரூல்ஸ். சர்டிபிகேட் இல்லாம ஒண்ணும் நடக்காது."

பிள்ளையைக் கொண்டுபோய் விடுவதற்குக்கூட எட்டாவது பாஸாகியிருக்க வேண்டுமா? சர்க்காரிடம் வாயாட முடியுமா என்ன? சர்டிபிகேட் பெரும்பாறையில் சித்தப்பா வீட்டுப் பெட்டியில் இருந்தது. போய் எடுத்து வர ஒரு நாள் லீவு வேண்டும்.

"சித்தப்பா செத்துட்டாரு சார்" என்று ஜெபதுரையிடம் சொன்னாள். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டு லீவு கொடுத்தார்.

சர்டிபிகேட்டைக் கொண்டுபோய் நீட்டினால், ராஜமுருகன் நெஞ்சு எக்ஸ்ரே கேட்டார்.

"பிள்ளைக்கா சார்?"

"உங்களுக்குத்தாம்மா. சின்னப் பிள்ளைக இருக்கிற எடம். ஏதாச்சும் தொத்திக்கிட்டா யாரு பதில் சொல்றது?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மறுபடி ஜெபதுரை முன்னால் போய் நின்றாள்.

"இப்ப யாரு?" என்றார் அவர்.

"சித்தி சார். சித்தப்பா போன துக்கத்துல..."

எக்ஸ்ரே ஆனதும் இன்டர்வியூ என்றார்கள். அதற்கு ஒரு மாமாவைக் காவு கொடுக்க வேண்டியதாயிற்று. நாற்காலியில் ஒரு அம்மையார் உட்கார்ந்திருந்தார்.

"பிள்ளை அடம் பிடிச்சா அடிப்பீங்களா?"

"ஐயோ, கை நீட்டினதே இல்லைங்க."

"தாலாட்டு வருமா?"

ஆக்ஸிலியா கண்ணை மூடிப் பாடினாள். மூன்றாவது அடியில் அம்மையாருக்கே கொட்டாவி வந்துவிட்டது. பெற்றவளையே இந்தப் பாடு படுத்துகிறார்கள் என்றால் காப்பகம் எத்தனை தரமாக இருக்கும் என்று அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை.

சனிக்கிழமை ராஜமுருகன் போன் செய்தார். "கெடச்சிருச்சும்மா. திங்கக்கெழம காலைல ஒம்பது மணிக்குக் காப்பகத்துக்கு வந்துருங்க."

துள்ளிக் குதித்துக்கொண்டு லாட்ஜுக்குள் நுழைந்தாள். ரிசப்ஷனில் ஜெபதுரைக்குப் பக்கத்தில், ஒரு பை காப்பித்தூளோடு, செத்துப்போன சித்தப்பா டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"வாம்மா. சித்தி சௌக்கியமாம். மாமாவும் சௌக்கியமாம்" என்றார் ஜெபதுரை. குரல் உயரவே இல்லை; அதுதான் பயமாக இருந்தது. "திங்கக்கெழம ஒம்பதரைக்கு நீ இங்க நிக்கணும். பிள்ளை இல்லாம, தனியா. ஒரு நிமிஷம் பிந்தினாலும் உன் சோலிக்கு வேற ஆளு."

"இனிமே பிள்ளையால தொல்லையே வராது சார். வெள்ளனே வந்துருவேன்!"

திங்கட்கிழமை தூறல். டூரிஸ்ட் வண்டிகள் ரோட்டை அடைத்துக்கொண்டு நகரவே இல்லை. பிள்ளையை இடுப்பிலும் பையைத் தோளிலும் போட்டுக்கொண்டு ஆக்ஸிலியா ஏற்றத்தில் ஓடினாள். காப்பக வாசலை அடையும்போது மணி ஒன்பது பதினேழு. உள்ளே ஒரே அழுகைச் சத்தம். வாட்ச்மேன் செல்வமுருகன் கேட்டைத் திறந்துகொண்டு எதிரே ஓடி வந்தான்.

"அண்ணே, நான் ஆக்ஸிலியா. இவ பேரு ஜென்சி. பால் பாட்டில் பையில இருக்கு, பதினோரு மணிக்குக் குடுக்கச் சொல்லுங்க. எனக்கு ஒம்பதரைக்கு லாட்ஜ், வர்றேன்!"

பிள்ளையை அவன் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். அவன் முன்னால் வந்து நின்று, பிள்ளையைத் திரும்ப அவள் இடுப்பிலேயே வைத்தான்.

"எங்க போறீங்க ஆயாம்மா? உள்ள பதினெட்டுப் பிள்ளைக உங்களுக்காகத்தான் கத்திக்கிட்டுக் கெடக்கு; ஆயா தன் பிள்ளையைக் கூட்டிட்டு வரக் கூடாதுன்னு ரூல்ஸ், பாப்பாவ எங்கயாச்சும் விட்டுட்டு வெரசா வாங்க!"