ஓட்டுநர் கிரானோலா வறுத்த படலம்

ஆறு சக்கர ஊர்தியை அடக்கி ஆள்பவர், கொண்டையூசி வளைவுகளின் கோமான், இருபத்திரண்டு ஆண்டுகளில் ஒரு சைக்கிளையும் உரசாத உத்தமர், தொண்ணூற்றொரு கிலோ எடையுள்ள பெருந்தகை, பதினேழாம் எண் பேருந்தின் ஓட்டுநர் வாழ்க. அவ்வீரர் தன்னந்தனியே சமையலறை புகுந்து பொருத ஞாயிற்றுக்கிழமையைப் பாடப் புகுந்தோம். அடுப்பங்கரைத் தெய்வங்கள் அருள்க.

போருக்குக் காரணம் வயிறு. அது ஸ்டியரிங்கைத் தொடுவதைக் கண்ட பணிமனை மருத்துவர், "அடுத்த வெள்ளிக்குள்ள ரெண்டு கிலோ குறையலைன்னா உங்களை விசாரணை கவுண்டர்ல உட்கார வைக்கச் சொல்லி எழுதிடுவேன்" என்று பிரகடனம் செய்தார். சக்கரமின்றி அசையாதிருக்கும் நாற்காலியை நினைத்தாலே நம் தலைவரின் வலக்கால் தரையில் ஆக்சிலரேட்டரைத் தேடியது. உடம்புக்கு நல்லதென்று நம்பிக் காலைதோறும் அவர் அள்ளி உண்ட கடைக் கிரானோலா எனும் வறுத்த ஓட்ஸ் கலவையின் பாக்கெட்டைத் திருப்பிப் படித்த மனைவியார், சர்க்கரையும் எண்ணெயும் அங்கே கொலுவிருக்கக் கண்டார். "இனிமே வீட்லயே செய்யுங்க. ஒரு தட்டு ஏழு நாளைக்கு வரணும். ஆறினதும் மணி அடிக்கிற மாதிரி வச்சுக்கோங்க. அடிச்சதும் டப்பால போட்டுடுங்க, அதுவரைக்கும் கை வைக்காதீங்க" என்று ஆணையிட்டு, தம் மருந்துக்கடைப் பணிக்கு ஏகினார்.

ஓட்ஸ் எனும் காலாட்படை அகன்ற தட்டில் அணிவகுத்தது. பாதாம் பரிவாரம் ஒரு கைப்பிடியோடு நிறுத்தப்பட்டது. அறம் பிறழா அண்ணல், எண்ணெய்ப் புட்டியை அலமாரியின் பின்வரிசைக்கு நாடுகடத்தி, அதன் அரியணையில் நுரை பொங்க அடித்த முட்டை வெண்கருவை ஏற்றினார். தேன் இரண்டே கரண்டி. மூன்றாம் கரண்டிக்கு எழுந்த வலக்கையை இடக்கை மணிக்கட்டில் பற்ற, உடன்பிறந்த இரு கைகளும் நெடுநேரம் பொருது, ஈற்றில் அறமே வென்றது. அனல் உமிழும் ஓவனுள் இருபத்தைந்து நிமிடம் கிடந்து பொன்னிறம் பூண்டு மீண்டது படை. பார்த்துப் பாராட்டத்தான் ஆள் இல்லை.

எஞ்சியது ஆறும் நேரம். மொறுமொறுப்பு வந்ததா என அறிந்துவர ஒரு துணுக்கை ஒற்றனாக வாய்க்குள் அனுப்பினார். ஒற்றன் திரும்பவில்லை. அவனைத் தேட இன்னொருவன் போனான். அவனையும் தேட ஒரு சிறு குழுவே போயிற்று. எனினும் ஐந்து நாளைக்கான படை மிஞ்சியிருக்கையில், மறவர் பல்லைக் கடித்துக் கையைப் பின்னிழுத்து அதன்மேலேயே உட்கார்ந்துகொண்டார். மானம் தப்பியது.

அப்போது மணி அடித்தது.

ஐயகோ, இருபத்திரண்டு ஆண்டுகளாக வழியோரக் கடைகளில் நாலே நிமிடத்தில் உண்டு, நடத்துநரின் விசில் கேட்டதும் தட்டில் கிடப்பதை வழித்து வாயில் போட்டுக்கொண்டு இருக்கைக்குத் தாவியவர் அவர். காது கேட்டது, மூளையைக் கேளாமலே கை பாய்ந்தது, குதிரைப்படை நுழைந்த வயல்போல் தட்டு துப்புரவாயிற்று. வாயைத் துடைத்தபடி வாசல்வரை விரைந்தபின்னரே, அங்கே பேருந்து நிற்கவில்லை என்பதை உணர்ந்தார். அவருக்கு அழுகை வந்தது.

மாலையில் மனைவியார் காலி டப்பாவைத் தூக்கிப் பார்த்தார்.

"எண்ணெயே இல்ல," என்றார் வீரர். "லைட்டாத்தான் இருந்துச்சு."

பதினேழாம் நம்பர் பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பவர்களுக்கு இப்போது அவர்தான் கவுண்டரில் உட்கார்ந்து பதில் சொல்கிறார்.