கண்ணாடிக்குள் ஒரு தூக்கம்

ரெமிஜியஸ் கண்ணைத் திறந்தபோது, கடைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தெருவில் பத்துப் பன்னிரண்டு பேர் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு போலீஸ்காரர்கூட சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுந்திரிக்காதீங்க சார்!" என்று காதருகே ஒரு குரல் கெஞ்சியது. "இன்னும் பத்தே நிமிஷம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

மெத்தைக் கடை முதலாளி ஆதிகேசவன்.

ரெமிஜியஸுக்கு மெல்ல ஞாபகம் வந்தது. ஆபீசுக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு, மகள் நோராவுக்குச் சாய்வுத் தலையணை வாங்கக் காலை பதினோரு மணிக்கு ஃப்ரேசர் டவுன் வந்திருந்தான். ஃபோமை அளந்து வெட்டப் பத்து நிமிஷம் ஆகும் என்றார்கள். உட்கார நாற்காலி இல்லை. ஷோகேஸில் பூப்போட்ட மெத்தை விரித்து ஒரு கட்டில் இருந்தது. அதன் ஓரத்தில், சும்மா ஓரத்தில்தான், உட்கார்ந்தான்.

இப்போது மணி ஒன்றேகால். ஷூவோடு மல்லாந்து கிடந்தான். யாரோ நெஞ்சு வரைக்கும் போர்வை போர்த்திவிட்டிருந்தார்கள்.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க! எழுப்பியிருக்கலாமே?"

"எழுப்பறதா? நீங்க தூங்கற அழகைப் பார்த்துட்டு ஏழு பேரு உள்ள வந்தாங்க சார். அஞ்சு மெத்தை போயிடுச்சு. ஒரு வாரமா ஈ ஓட்டிக்கிட்டிருந்த கடை இது. நடுவுல நான் எழுப்பத்தான் வந்தேன். அந்த அம்மா விடலை."

ஆதிகேசவன் காட்டிய திசையில் ஒரு கன்னடக்கார அம்மாள், உதட்டில் விரல் வைத்துக்கொண்டு, "பாப, எப்பிஸ்பேடி", பாவம், எழுப்பாதீர்கள் என்று எல்லோரையும் அடக்கிக்கொண்டிருந்தாள்.

ரெமிஜியஸ் ஒழுங்காகத் தூங்கி நாலு வருஷம் ஆகியிருந்தது. நோராவுக்கும் நாலு வயதுதான். பிறந்ததிலிருந்தே அவளுக்கு விழுங்க வராது. வாய்வழியாகக் கொடுத்தால் நுரையீரலுக்குப் போய்விடும். அதனால் வயிற்றில் ஒரு குழாய். பகலானாலும் இரவானாலும் பதினொன்று, இரண்டு, ஐந்து, எட்டு என்று மூன்று மணிக்கொரு தரம் அதில் கஞ்சி ஊற்ற வேண்டும். நடுவில் தொண்டையில் சளி கட்டினால் உறிஞ்சி எடுக்க ஒரு மெஷின். கரண்ட் போனால் அதற்குப் பதில் காலால் மிதிக்கிற இன்னொரு மெஷின்.

இதெல்லாம் நோராவைக் கொஞ்சமும் அசைக்கவில்லை. ராத்திரி இரண்டு மணிக் கஞ்சி இறங்கியதும் அவளுக்குப் பேசியாக வேண்டும்.

"அப்பா, யானைக்கு யாரு நகம் வெட்டுவா?"

"தெரியலைடா கண்ணு. தூங்கு."

"யோசிச்சுச் சொல்லு."

ரெமிஜியஸ் ஐந்து மணிக் கஞ்சி வரை யோசிப்பான். போன வாரம் ஆபீசில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடச் சட்டைப்பையிலிருந்து அவன் எடுத்தது பேனா அல்ல, சிரிஞ்சு. அவன் மனைவி ஜோசஃபின் மாதா கோயிலில் விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது நின்றபடியே தூங்கிவிட்டாள். எல்லோரும் உட்கார்ந்த பிறகும் அவள் மட்டும் நிற்க, புதிதாக ஏதோ வழிமுறை வந்திருக்கிறது என்று நினைத்துப் பின்னால் மூன்று வரிசையும் எழுந்து நின்றுவிட்டது.

"ஒரு போன் பண்ணிக்கறேன் சார். வீட்ல தேடுவா" என்றான் ரெமிஜியஸ்.

ரிச்சர்ட்ஸ் டவுன் வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

"குளிக்கப் போயிருப்பாங்க" என்றார் ஆதிகேசவன். "அதுவரைக்கும் நின்னுக்கிட்டே இருப்பீங்களா? சும்மா சாஞ்சுக்குங்க."

சாய்ந்தான். அவ்வளவுதான், அடுத்த ரவுண்டு ஆரம்பமாகிவிட்டது.

ஜோசஃபின் குளிக்கப் போகவில்லை. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் பக்கத்து வீட்டு சரளா அந்தத் தெரு வழியாகப் போயிருந்தாள். கண்ணாடிக்குள் ரெமிஜியஸ், நெஞ்சு வரை போர்வை, சுற்றிக் கூட்டம், வாசலில் போலீஸ்! அவள் நேராக ஒரு பூத்துக்குப் போய்ப் போன் செய்தாள்.

"ஜோசி, நீ பதறாதே. ரெமி அண்ணன் ஃப்ரேசர் டவுன்ல மெத்தைக் கடையில படுத்திருக்காரு. அசைவு இல்ல. போலீஸ் வந்தாச்சு. நீ மட்டும் பதறாதே."

ஒன்றரை மணிக்கு ஆட்டோ வந்து நின்றது. ஜோசஃபினின் இடுப்பில் நோரா. ஒரு தோளில் மெஷின் பை, மறு தோளில் கஞ்சிப் பை. புருஷன் போய்விட்டான் என்று நம்பி ஓடி வந்தவள், இரண்டு மணிக் கஞ்சியை மறக்கவில்லை.

"என்னங்க! எங்களை இப்படி விட்டுட்டுப் போயிட்டீங்களே!"

ரெமிஜியஸ் துள்ளி எழுந்தான். "ஆங்? ரெண்டு ஆயிடுச்சா? கஞ்சி சூடு பண்ணட்டா?"

கூட்டத்தில் ஒருவர் இயேசுவே என்றார், ஒருவர் ராகவேந்திரா என்றார். ஜோசஃபின் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவனை மேலும் கீழும் பார்த்தாள். முகத்தில் பளபளப்பு. கன்னத்தில் மெத்தைத் தையலின் அச்சு.

"தூங்கினீங்களா?" என்றாள். வேறொரு பெண்ணோடு பிடிபட்டிருந்தால்கூட அவள் குரல் அவ்வளவு நொந்திருக்காது. "என்னை விட்டுட்டு... ரெண்டு மணி நேரமா... தூங்கினீங்களா?"

"வேணும்னு இல்ல ஜோசி. தானா வந்துடுச்சு. இந்த மெத்தையில என்னமோ இருக்கு. நீயே உட்கார்ந்து பாரு."

"உட்காரறதா? நான் என்ன பேசறேன், நீங்க என்ன பேசறீங்க?" அவள் ஆத்திரத்தோடு கட்டிலில் உட்கார்ந்தாள். "நாலு வருஷமா நான்... ஒரு நாளாவது நான்..."

அந்த 'நான்' என்பதிலேயே அவள் தலை சரிந்தது. மனைவியை எழுப்பக் குனிந்த ரெமிஜியஸும் குனிந்தபடியே படுத்துவிட்டான்.

இருவருக்கும் நடுவில் நோரா ராணி மாதிரி உட்கார்ந்து, தெருவைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள்.

சரியாக இரண்டு மணிக்கு ரெமிஜியஸின் கடிகாரம் கீச்சென்றது. இரண்டு பேரும் ஒரே சமயத்தில் எழுந்தார்கள். கண் இன்னும் திறக்கவில்லை. அவன் கை குழாயில் சிரிஞ்சைப் பொருத்தி உயர்த்திப் பிடித்தது. அவள் கை ஃபிளாஸ்கைத் திறந்து ஒரு சொட்டு சிந்தாமல் ஊற்றியது. கஞ்சி முழுக்க இறங்கும் வரை கூட்டம் அப்படியே நின்றது. போலீஸ்காரர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"மாமா, யானைக்கு யாரு நகம் வெட்டுவா?" என்று நோரா அவரைக் கேட்டாள்.

அவர் ரொம்ப நேரம் யோசித்தார்.

அன்று மாலைக்குள் பதினொரு மெத்தை விற்றது. ஆதிகேசவன் அதே மாதிரி பூப்போட்ட மெத்தை ஒன்றை டெம்போவில் ஏற்றி, "என் அன்பளிப்பு சார். சனிக்கிழமை சனிக்கிழமை இங்க வந்தும் படுத்துக்குங்க" என்று அனுப்பிவைத்தார். வெட்கப்பட்டுப்போன சரளா, மெஷினை ஓட்டக் கற்றுக்கொண்டு, சனிக்கிழமை மத்தியானம் நோராவைப் பார்த்துக்கொள்வதாக வாக்குக் கொடுத்தாள்.

அதிலிருந்துதான் வினை.

சனிக்கிழமை ஷோகேஸில் படுத்தால் இரண்டாவது நிமிஷம் இருவரும் கட்டை மாதிரி தூங்கினார்கள். வீட்டு மெத்தையில் ஒரு பொட்டுத் தூக்கம் இல்லை. இரவில் ஒருவர் முறை முடிந்து மற்றவர் முறை ஆரம்பித்த பிறகும் விழிப்புதான். உள்ளறையில் நோரா இருமினால் விழிப்பு. இருமாவிட்டால், ஏன் இருமவில்லை என்று விழிப்பு.

"இது அந்த மெத்தை இல்லீங்க" என்றாள் ஜோசஃபின். "வேற எதையோ கொடுத்து ஏமாத்திட்டாரு."

ரெமிஜியஸ் போய்ச் சொன்னான். ஆதிகேசவன் கொஞ்சம் கெட்டியான மெத்தை கொடுத்தார். மூன்றாம் நாள் ரெமிஜியஸ் முதுகைப் பிடித்துக்கொண்டு வந்தான். மெத்தென்று ஒன்று கொடுத்தார். அதில் புதைந்துபோன ஜோசஃபின், மெஷினுக்கு எழுந்து ஓட நாலு விநாடி தாமதமானதில் நடுங்கிப்போய், விடிந்ததும் அதை வாசலில் தூக்கிப் போட்டாள். அடுத்தது இலவம் பஞ்சு மெத்தை. அது தும்மலைத்தான் கொண்டுவந்தது.

ஐந்தாவது மெத்தையோடு ஆதிகேசவனே வீட்டுக்கு வந்தார். தூக்கிக்கொண்டு கூட வந்தவர் கடையில் உறை தைக்கிற சையத் பாய்.

"சார், என்கிட்ட இருக்கற எல்லா மெத்தையும் காட்டிட்டேன்" என்றார் ஆதிகேசவன்.

"காட்டலை. ஷோகேஸ்ல இருக்கறதை மட்டும் ஒளிச்சு வெச்சுக்கறீங்க."

"அது விக்கறதில்ல சார்."

"ஓசியில கேக்கலீங்க" என்றாள் ஜோசஃபின். "உலகத்துலேயே எங்களுக்குத் தூக்கம் வர்றது அது ஒண்ணுல மட்டும்தான். அதைக் குடுக்க உங்களுக்கு ஏன் மனசு வரலை?"

ஆதிகேசவன் விட்டத்தைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். சட்டைக் காலரைத் தளர்த்திக்கொண்டார். ஜோசஃபினின் கண் கலங்குவதைப் பார்த்த சையத் பாய்க்குத்தான் பொறுக்கவில்லை.

"அரே, எத்தனை நாள் மறைப்பீங்க முதலாளி? அம்மா, அதுல உறை மட்டும்தாம்மா மெத்தையோடது. உள்ள இருக்கறது நாலு பலகையும், ஃப்ரிட்ஜ் பெட்டியில வந்த தெர்மாகோலும்!"