கைப்போ காப்பாற்றிய செடி

மாமியாரின் மாவோ செடியைக் கைப்போ பாத்திரம் கழுவும் சோப்புப் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, அது செடியா சட்டியா?" என்றாள் அவன் மனைவி லோக்கே.

"இலையெல்லாம் சாம்பல் பூத்துக் கிடக்கு. உங்கம்மா வந்தா என்னைத்தானே கேப்பாங்க."

"அதோட நிறமே அதுதாங்க."

கொஞ்சம் முந்திச் சொல்லியிருக்கலாம். வெள்ளியாய் மினுங்கிய இலைகள் அதற்குள் வேகவைத்த கீரையாகிவிட்டன.

மாவோ எங்கள் ஹவாய்த் தீவுகளின் காட்டுச்செடி. பருத்திக்கு ஒன்றுவிட்ட தங்கை என்றாலும் பஞ்சு பேருக்குத்தான்; மஞ்சள் பூவுக்காக வளர்ப்பார்கள். ஹவுலானி அம்மாள் லாஸ் வேகாஸுக்குச் சூதாடப் புறப்பட்டபோது, தொட்டியை மருமகனிடம் ஒப்படைத்து, "இது வாடிச்சுன்னா உன் ஓட்டைப் படகு என் முற்றத்துல நிக்காது" என்றார். தெரு முழுக்கக் கேட்டது. எதிர்வீட்டிலிருந்த நான் ஒட்டுக்கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

வாட்டம் தெளியட்டும் என்று கைப்போ வேளைக்கு ஒரு வாளி தண்ணீர் ஊற்றினான். கடலோர வறட்சியில் வளர்கிற செடி; மஞ்சளடித்துவிட்டது. சத்துப் போதவில்லை என்று மீன் குடலைப் புதைத்தான். தெருக்கோழிகள் விருந்துக்கு வந்து, வேரோடு கிளறிப் போட்டுவிட்டுப் போயின.

"படகை உங்க தம்பி வீட்டுல விட்டுடலாமா?" என்றாள் லோக்கே.

"அங்க அவன் படுக்கவே இடமில்ல."

மாமியார் வரவேண்டிய ஞாயிற்றுக்கிழமை காலையில், பக்கத்து வீட்டு ஹிகா மாமா புத்தர் கோயிலுக்குப் போன நேரம் பார்த்துக் கைப்போ வேலியைத் தாண்டினான். அங்கே ஒரு மாவோ, பூவும் மொட்டுமாக. தொட்டிகூட ஒரே மாதிரி. கடவுளுக்குத் தன்மேல் தனிப்பிரியம் என்று முடிவுகட்டி, செத்ததை அங்கே வைத்துவிட்டு இதைத் தூக்கிவந்தான். என் ஜன்னலிலிருந்து நன்றாகவே தெரிந்தது.

ஹவுலானி அம்மாள் பெட்டியை இறக்கியதும் செடியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"பரவாயில்லையே. இப்படி வளரும்னு நான் நினைக்கவே இல்ல. சரி, படகு இருக்கட்டும்."

"எல்லாம் ஒரு அக்கறைதான் அத்தை" என்றான் கைப்போ அடக்கமாக.

அப்போது வேலியோரம் ஹிகா மாமா தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார்.

"மன்னிச்சிடும்மா ஹவுலானி. மருமகன் கையில விட்டா தங்காதுன்னு, அவனுக்குக் கடைச்செடி ஒண்ணை வாங்கி வச்சுட்டு, உன் செடியை என்கிட்ட கொடுத்துட்டுப் போனியே, அது நான் கோயிலுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள செத்துப்போச்சு."