மறுப்பு வராத வழி

உலகத்தில் நிலையானது எதுவுமில்லை என்று ஞானிகள் சொல்லிவிட்டுப் போனார்கள். பாவம், அவர்கள் எங்கள் மேலாளரின் கீழ் வேலை பார்த்ததில்லை. எங்கள் அலுவலகத்தில் ‘ஸ்டாட்டிக் ரூட்’ நிலையானது.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ரூட்டர் என்பது செய்திகளுக்கு வழிகாட்டும் பெட்டி. இன்ன கிளைக்குப் போக வேண்டுமா, இந்த வழியாகப் போ என்று அதற்கு நாமே கையால் எழுதிக் கொடுப்பதுதான் ஸ்டாட்டிக் ரூட். தானாகவே வழி கண்டுபிடிக்கும் ஏற்பாடும் உண்டு. மேலாளர் அதைக் கிட்டவே சேர்க்கவில்லை. இன்று பெட்டி தானாக முடிவெடுக்கும், நாளை ஊழியர் எடுப்பார் என்பது அவர் கவலை. தீர்க்கதரிசி!

நெட்வொர்க் பிரிவுக்கு நானே தலைவன். எனக்குக் கீழே யாருமில்லை. சென்ற மாதம் பழைய ரூட்டரைக் கழற்றி அலமாரி மேல் வைத்துவிட்டுப் புதியதை மாட்டினேன். போகும் வழியை இங்கே மாற்றியாயிற்று. திரும்பி வரும் வழியைக் கிளையில் மாற்ற வேண்டும். அதற்குக் கிளைப் பொறுப்பாளர் நெட்வொர்க் வழியாகவே விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. அவரும் விண்ணப்பித்துக்கொண்டேதான் இருந்தார். எல்லாம் அலமாரி மேலிருந்த பெட்டியைத் தேடிப் போய், கிணற்றில் போட்ட கல்லாயின.

அவர் போனில் புலம்பியதை மேலாளரிடம் சொன்னேன். வாய்வார்த்தை செல்லாது என்றார். காகிதத்தில் எழுதித் தரட்டுமா என்றேன். ‘காகிதமில்லா அலுவலகம்’ என்று வாசலில் பலகை தொங்குவதை நினைவூட்டினார். கொள்கை என்றால் அது.

ஆகவே வாராந்திரக் கூட்டத்தில் மேலாளரின் பேச்சு நேரலையாகக் கிளைக்குப் போகும். அங்கிருந்து இம்மியும் வராது. அவர்கள் மெய்மறந்து கேட்பதாக மேலாளர் பூரித்தார். தொண்டை கிழியக் கத்துகிறார்கள் என்று என் தங்கை சொன்னாள். கிளைப் பொறுப்பாளர் அவள் வீட்டுக்காரர்தான்.

நாளடைவில் பூரிப்பு சலித்தது. பேச்சுமூச்சில்லாத கிளை எதற்கு, மூடிவிடலாம் என்று தீர்மானம் தயாரானது. கூட்டத்தில் அதை வாசித்து முடித்த கையோடு, இருண்டு கிடந்த திரை உயிர்பெற்றது. மொத்தக் கிளையும் அதில் நின்றது. மாப்பிள்ளை விதியை மீறி, திரும்பி வரும் வழிக்கான அந்த ஒரு வரியைத் தானே மாற்றிவிட்டார்.

“மச்சான், கேக்குதா?” என்றார் என்னிடம். பிறகு, “சார், மூடாதீங்க. எங்க யாருக்கும் இதுல சம்மதமில்லை. இந்த வேலையை நம்பித்தான் எங்க குடும்பமெல்லாம் இருக்கு” என்றார். பின்னால் நின்ற டைப்பிஸ்ட் அம்மா அழுதார்.

மேலாளர் கலங்கவில்லை. “ரூட்டை மாத்த இவருக்கு யார் அனுமதி கொடுத்தது?” என்று என்னைக் கேட்டார்.

யாருமில்லை என்றேன்.

“அப்போ அனுமதி இல்லாத வழியில வந்த பேச்சு செல்லாது. பழையபடி மாத்துங்க.”

இப்போது இரு வழியும் திறந்திருந்ததால், கிளை ரூட்டரை இங்கிருந்தபடியே மாற்றினேன். ஒரு வரிதானே. மாப்பிள்ளையின் வாய் அசைந்துகொண்டிருக்கும்போதே திரை இருண்டது.

மேலாளர் தண்ணீர் குடித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். இருண்ட திரையைப் பார்த்து, அன்பொழுகக் கேட்டார்: “கிளையில யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?”

பதிலுக்காகப் பொறுமையாகக் காத்திருந்தார். அப்பழுக்கற்ற ஜனநாயகவாதி.

கிளையை மூடக் கிளையே ஏகமனதாகச் சம்மதித்தது என்று கூட்டக் குறிப்பில் ஏற்றினோம். வாயைப் பொத்தியது யார் என்று அதில் எழுதவில்லை. எங்கள் கையெழுத்துகள் மட்டும் கீழே இருக்கின்றன.