சுந்தரிக்கு ஏழு நாள் மருந்து

அலுமாரியில் ஒளித்து வைத்த குளிசைப் பெட்டியைக் காணவில்லை.

"கிறிஸ்டின், என்ர குளிசை எங்கையப்பா?"

"எலி இழுத்திருக்கும்," என்றாள் மனைவி குசினிக்குள் இருந்து.

சூசைப்பிள்ளை தலையில் கைவைத்தார். துறைமுகத்தில் மூட்டை இறக்கும்போது கொக்கி ஏறிய காலுக்கு ஆஸ்பத்திரியில் தந்த அன்டிபயோட்டிக் அது. ஏழு நாள் போடச் சொன்னார்கள். இரண்டாம் நாளே வலி குறைய, மிச்சத்தை ஆபத்துக்கு உதவும் என்று பதுக்கிவிட்டார். ஆபத்து இப்போது வந்துவிட்டது. கடுவன் பூனை ஒன்று கடித்த முன்னங்கால் குரும்பட்டி போல் வீங்கி, காய்ச்சலில் கிடந்தது அவருடைய பூனை சுந்தரி.

"எலி பிடிக்காத பூனைக்கு இது வேணும்," என்று புறுபுறுத்தபடி அதைப் பையில் போட்டுக்கொண்டு, தானும் நொண்டி நொண்டி மிருக வைத்தியரிடம் போனார்.

குளிசை காணாமல்போன கதையைக் கேட்ட டொக்டர் கீர்த்தனி, புண்ணைத் துடைத்தபடி விசாரித்தார்: "அந்தக் குளிசையைக் குடுக்கேல்லைத்தானே? மனுசற்ற மருந்தைக் கண்டபடி குடுத்தால் பூனை செத்தும் போகும், ஐயா. நிறைக்கு ஏற்ற அளவுதான் குடுக்கோணும். எங்கட தராசு பழுது, எங்கையாவது நிறுத்துக்கொண்டு வாங்கோ."

மீன்கடை றுவைசின் தராசில் ஏற்றியதும், சுந்தரி நொண்டிக் காலோடு சூடை மீன் தட்டுக்குள் பாய்ந்தது.

"மூண்டு கிலோ, அண்ணன்!"

"திண்ட சூடையையும் சேர்த்தோ?"

"கழிச்சுத்தான்!"

பாணி மருந்து கிடைத்தது. போத்தலில் இருந்ததை எழுத்துக்கூட்டி வாசித்தார்: காலை, மாலை, ஏழு நாள். புண் ஆறினாலும் நிறுத்தக் கூடாது.

முதல் வேளை மருந்து அவர் சட்டையில் துப்பப்பட்டது. இரண்டாம் வேளை பூனையைத் தான் உடுக்கும் சாரத்தால் சுற்றினார், சாரம் கிழிந்தது. மூன்றாம் வேளை பூனை கூரையில், சூசைப்பிள்ளை புண்காலோடு ஏணியில்.

களைத்துப்போய்ச் சோற்றுக்குக் குந்தினால், கோப்பையில் பாவற்காய்.

"காலமையும் பாவற்காய், இரவும் பாவற்காய்! நான் என்ன குற்றமப்பா செய்தனான்?"

"உடம்புக்கு நல்லது. வழிச்சுச் சாப்பிடுங்கோ."

கடைசியில் றுவைஸ்தான் வழி சொன்னான்: "மருந்தை மீனுக்குள்ள வச்சுக் குடுங்க அண்ணன். மணம் தூக்கலா இருந்தா ஒண்டும் விளங்காது."

டொக்டரும் போனில் ஓம் என்றார். சுந்தரி கோப்பையை நக்கித் துடைத்தது.

ஏழாம் நாள் அது மதிலுக்குப் பாய்ந்தபோது சூசைப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. டொக்டருக்கு ஒரு சீப்பு கதலிப்பழம் கொண்டுபோய்க் கொடுத்தார். சில நாளில் தன் காலும் தழும்போடு ஆற, தான் வேலைக்குத் திரும்பியதற்கு அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார். இரண்டு இளநீரோடு றுவைசிடம் வந்தார்.

"நீ நல்லாயிருப்பாய், தம்பி. உன்ர வித்தையாலதான் பூனைக்கு ஒரு துளி மிச்சம் விடாமல் குடுத்தனான். என்ர காலுக்கு ரெண்டு நாள் குளிசைதான். மிச்சத்தை அந்தோனியார் பார்த்துக்கொண்டார்."

றுவைஸ் மீன் வெட்டுவதை நிறுத்தினான்.

"அது என்ர வித்தையில்ல அண்ணன், கிறிஸ்டின் அக்காட வித்தை. மீன் வாங்க வரக்குள்ள சொன்னவ, உங்கட மிச்சக் குளிசை முழுக்க அரைச்சுப் போட்டது பாவற்காய்க் கறிக்குள்ளயாம்."