பை சுமந்தோருக்கு ஒரு தடுப்பூசி

தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நான் பழகியது இருபத்தாறு வயதுக்குப் பிறகுதான். அதுவரைக்கும் யார் எதைக் கேட்டாலும் "ஓம், தெரியும்" என்பேன். (ரொறொன்ரோவுக்கு வந்த புதிதில், பனியில் கார் ஓட்டத் தெரியுமா என்று ஓர் அண்ணை கேட்டார். அதற்கும் ஓம். அவர் இன்றைக்கும் என்னோடு கதைப்பதில்லை.)

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. மோர்னிங்சைட்டில் ஒரு மாடிக்கட்டடத்தின் பதினோராம் தட்டில் அக்கா குடும்பத்தோடு இருந்தேன். மிசிசாகாவில் ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலை. மிச்ச நேரமெல்லாம் கனவு. பஸ்ஸில் யன்னல் ஓரம் இடம் கிடைத்தால் போதும். வெளியே பனி கொட்டக் கொட்ட, உள்ளே நான் பெரிய கவிஞனாகி, மாலை வாங்கி, ஏற்புரையும் ஆற்றி முடித்திருப்பேன். நிமிர்ந்து பார்த்தால் இறங்க வேண்டிய தரிப்பு போய்விட்டிருக்கும்.

வீட்டுக்குக் கிட்ட ஒரு சின்ன நூலகம். அதன் பொறுப்பாளர் ஒரு கனேடியப் பெண்மணி. ஒருநாள் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு விலங்கியல் அறிஞர் வந்து சனிக்கிழமை பேசப் போகிறார். கங்காரு, கோவாலா போல வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் விலங்குகள் சில இடங்களில் நிலம் தாங்காத அளவுக்குப் பெருகிவிட்டன. அவற்றைச் சுட்டுக் கொல்லாமல், கருத்தடைத் தடுப்பூசி போட்டுக் கட்டுப்படுத்த முடியுமா என்பதுதான் பேச்சு. அயலில் நிறையத் தமிழர்கள் இருப்பதால் அறிவித்தலைத் தமிழிலும் ஒட்டலாம் என்று அவர் நினைத்தார்.

"உன்னால் எழுத முடியுமா? அன்றைக்கு மொழிபெயர்க்கவும் வேண்டும்" என்றார்.

நான் என்ன சொல்லியிருப்பேன் என்று உங்களுக்கே தெரியும்.

அறிவித்தலை வேலைக்குப் போகும் பஸ்ஸில் எழுதினேன். 'பையுள்ள மிருகங்கள்' என்று முதலில் எழுதி, மிருகம் என்பது கரடுமுரடாக இருக்கிறதென்று வெட்டினேன். 'விலங்குகள்' என்று போட்டால், சிறையில் கிடந்து வந்த சனம் கைவிலங்கை நினைத்துப் பயப்படுமே என்று அதையும் வெட்டினேன். (என்ன நுட்பமான மனசு!) யன்னலுக்கு வெளியே பனி பஞ்சுபோல இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் அந்தச் சொல் வானத்திலிருந்து வந்ததுபோல வந்தது: பை சுமந்தோர்.

கடைசியில் தமிழ்க் கடைகளின் கண்ணாடிகளில் ஒட்டப்பட்டது இதுதான்: "அளவுக்கு மீறிப் பெருகிவிட்ட பை சுமந்தோருக்குக் கருத்தடைத் தடுப்பூசி. வெளிநாட்டு நிபுணர் வருகிறார். சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி. பிள்ளைகளையும் கூட்டி வாருங்கள். அனுமதி இலவசம்."

ஆங்கிலத் தாளில் ஒரு கங்காருப் படம் இருந்தது. என் தமிழ் நீண்டுபோனதால் படத்துக்கு இடம் இல்லை.

சனிக்கிழமை நூலக மண்டபத்துக்குள் நுழைந்தபோது என் நெஞ்சு குளிர்ந்தது. கதிரைகள் போதாமல் சனம் சுவரோரம் நின்றது. என் எழுத்தின் வல்லமை என்று நினைத்துக்கொண்டேன். யாரும் கோட்டைக் கழற்றவில்லை, யாரும் சிரிக்கவில்லை என்பதைக் கவனித்திருக்கலாம்.

முன்வரிசையில் சறோ அன்ரி. அவவைக் கண்டதும் சட்டைக் கொலரைச் சரிசெய்தேன். அவவின் மகள் வசந்தியை எனக்குக் கேட்டு அக்கா ஆள் அனுப்பி இரண்டு கிழமைதான் ஆகியிருந்தது. பதில் இன்னும் வரவில்லை. பக்கத்தில் வசந்தி, பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிறவள், மடியில் ஒரு தடித்த புத்தகத்தோடு இருந்தாள்.

எலன் என்ற அந்த அவுஸ்திரேலியப் பெண்மணி எழுந்து, இவ்வளவு கூட்டத்தைத் தான் எங்கேயும் கண்டதில்லை என்று நெகிழ்ந்தார். நான் மொழிபெயர்க்க வாய் திறக்குமுன் சறோ அன்ரி எழும்பினா.

"தம்பி, முதல்ல இதைக் கேட்டுச் சொல்லும். எங்கட பிள்ளையளுக்கு ஊசி போட இவைக்கு ஆர் உரிமை குடுத்தது? ஒரு பையோட வந்து இறங்கின சனம் எண்டாப்போலை என்னவும் செய்யலாமோ?"

பின்னாலிருந்து ஒரு குரல்: "அளவுக்கு மீறிப் பெருகிட்டமாம்! எனக்கு ரெண்டே ரெண்டு பிள்ளையள்!"

அப்போதுதான் என் அறிவித்தலை நான் முதன்முதலாக, எழுதியவனாக இல்லாமல், வாசகனாக மனசுக்குள் வாசித்தேன். எலன் அன்போடு என் பக்கம் திரும்பி, "அவர் என்ன கேட்கிறார்?" என்றார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். நான் சொன்னேன்: "அந்த விலங்குகள் நலமாக இருக்கின்றனவா என்று கேட்கிறா."

எலனுக்குக் கண் கலங்கியது. எவ்வளவு கருணை உள்ள மக்கள் என்று நினைத்திருப்பார். விரிவாகவே பதில் சொன்னார். எனக்கு மூளை மரத்துப்போய், காதில் விழுந்ததை அப்படியே தமிழில் வாய் சொல்லிக்கொண்டு போனது.

"சாப்பாடு முடிஞ்சு போச்சுதாம். அதாலதான் ஊசியாம். கிட்டப் போனால் ஓடிவிடுவினமாம். அதனால தூரத்தில நிண்டு துவக்காலதான் ஊசியைச் சுடவேணுமாம்."

மண்டபம் எழும்பியது. ஒரு அங்கிள் பிள்ளைகளை வாசல் பக்கம் தள்ளினார். "துவக்குக்குப் பயந்துதானே இஞ்ச வந்தனாங்கள்!" என்று யாரோ கத்தினார்கள். அந்தக் குரல் உடைந்திருந்தது. அதை இன்றைக்கும் சிரித்தபடி என்னால் சொல்ல முடிவதில்லை.

வசந்திதான் எழுந்து போனாள். கதவில் ஒட்டியிருந்த ஆங்கிலத் தாளை வாசித்தாள். அவள் தோள்கள் குலுங்கின. அழுகிறாள் என்று பயந்தேன். திரும்பியபோது, சிரிப்பை அடக்க முடியாமல் கண்ணால் தண்ணீர் ஓடியது.

"அம்மா, இருங்கோ. எல்லாரும் இருங்கோ. ஊசி எங்களுக்கு இல்லை, கங்காருவுக்கு!" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக: "லைற்றை நிப்பாட்டுங்கோ. முதல்ல படத்தைக் காட்டச் சொல்லுங்கோ."

விளக்குகள் அணைந்தன. திரையில் ஒரு நிலவு வெளிச்சம். அதில் ஒரு புல்வெளி, சாம்பல் நிறத்தில் நூற்றுக்கணக்கான கங்காருக்கள், எல்லாம் தலை நிமிர்த்தி எங்களையே பார்த்தபடி. அடுத்த படத்தில் ஒரு தாயின் பையிலிருந்து இரண்டு சின்னக் காதுகள் மட்டும். ஒரு குழந்தை "அம்மா, அங்க பாருங்கோ" என்றது. கூட்டம் மெல்ல அமர்ந்தது. கோட்டுகள் கழன்றன.

என் இடத்தில் வசந்தி நின்று மொழிபெயர்த்தாள். தாயின் உடம்பு தன் முட்டையின் மேலுறைக்கே எதிர்ப்புச் சக்தியை உண்டாக்கும்படி இந்த ஊசி செய்கிறது. அதனால் கரு உண்டாகாது. உயிருக்கு ஆபத்து இல்லை. ஆனால் காட்டில் திரிகிற ஒன்றைத் தேடிப் பிடித்துத் திரும்பவும் ஊசி போடுவதுதான் பெரும்பாடு. இன்னும் ஆராய்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். யன்னலுக்கு வெளியே பனி விழுந்தது. உள்ளே இலையெல்லாம் தின்று முடித்த மொட்டை மரத்தில் ஒரு கோவாலா குட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தது. யன்னலின் வெள்ளையும் திரையின் நிலவும் ஒன்றோடொன்று கலந்து, நாங்கள் எல்லோரும் எந்த நாட்டிலும் இல்லாத ஓர் இடத்தில் மிதப்பதுபோல இருந்தது. அந்த அரை மணி நேரம் நான் என் அவமானத்தைக்கூட மறந்துபோனேன்.

இருட்டுக்குள் சறோ அன்ரியின் குரல்: "பாவம். போக வேற இடமும் இல்லைப்போல."

விளக்கு எரிந்ததும் அன்ரி நேரே என்னிடம் வந்தா. ஓட இடமில்லை.

"உந்த அறிவித்தலை எழுதினது நீர்தானே?"

"ஓம் அன்ரி."

"கங்காரு எண்டு ஒரு சொல்லுப் போட்டிருக்கக் கூடாதோ?"

அன்ரி கொஞ்ச நேரம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுப் போய்விட்டா. சம்பந்தம் முடிந்தது என்று அக்காவிடம் அழாத குறையாகச் சொன்னேன். மறுநாள் வசந்தியே ரெலிபோன் எடுத்தாள். "அம்மா வேண்டாம் எண்டுதான் சொன்னவ. நான்தான் ஓமெண்டு சொல்லிப்போட்டன். வாழ்நாள் முழுக்கச் சிரிக்க எனக்கு ஓராள் வேணும்."

கல்யாணம் முடிந்து அஜக்ஸில் வீடு வாங்கினோம். கடைச் சாமான் எழுதும் துண்டிலிருந்து பிள்ளைகளின் பள்ளிக் கடிதம் வரைக்கும் வசந்தி பார்க்காமல் நான் எழுதிய ஒரு வரியும் வெளியே போனதில்லை. எங்களுக்கு மூன்றாவது பிள்ளை பிறந்தபோது சறோ அன்ரி ஆஸ்பத்திரிக்கு வந்தா. குழந்தையை வாங்கிக் கொஞ்சி, நெற்றியைத் தடவி, பிறகு என் பக்கம் திரும்பி மிகவும் பணிவாகக் கேட்டா:

"தம்பி, அந்த அவுஸ்திரேலியாக்காரியின்ர நம்பர் இன்னும் வைச்சிருக்கிறீரோ?"